பேத்தி மேடையேறுகிறாள்: தாத்தா பாட்டிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

என் பேத்தி முதன்முதலாக மேடையேறியபோது அவளுக்கு நான்கு வயது. மேகமாக வந்தாள். பஞ்சு ஒட்டிய பெரிய அட்டை, அதன் நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டைக்குள் அவள் முகம். நான் ஒரு மணி நேரம் முன்னதாகவே போய் இடம் பிடித்து, கழுத்து வலிக்க எட்டி எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, நீங்கள் ஏன் வரவில்லை?"

வந்தேன் என்று எத்தனை முறை சொல்லியும் நம்பவில்லை. அவள் தேடிய இடத்தில் நான் இல்லை. ஆகவே அவள் கணக்கில் நான் அரங்கிலேயே இல்லை. அதன் பிறகு ஏழெட்டு நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டேன். குழந்தையைப் பார்ப்பதற்காகத்தான் எல்லோரும் கிளம்பிப் போகிறோம். போய்ப் பழகிய பிறகுதான் தெரிகிறது, அந்தக் குழந்தையின் கண்ணில் படுவதும் நம் வேலை என்பது. கீழே உள்ள படிகளை அந்த நினைப்போடு படியுங்கள்.

முதல் படி: முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்

ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே, குழந்தையின் பெற்றோரிடம் இவற்றைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். எந்த நாள், எத்தனை மணி, எந்த வாசல். ஒரு குழந்தைக்கு எத்தனை பேர் வரலாம், அனுமதிச் சீட்டு உண்டா. நிகழ்ச்சி வரிசையில் நம் குழந்தை எத்தனையாவது. கழிப்பறை எங்கே, படி ஏற வேண்டுமா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா. படம் எடுக்க அனுமதி உண்டா. முடிந்த பிறகு குழந்தையை யாரிடம் ஒப்படைப்பார்கள்.

அனுமதிச் சீட்டு இரண்டுதான் என்றால் மனத்தாங்கலுக்கு இடம் கொடுக்காதீர்கள். இரண்டு பக்கத் தாத்தா பாட்டிகளும் ஒரே நாளில் மோதிக்கொள்வதைவிட, "இந்த முறை அவர்கள் போகட்டும், அடுத்த முறை நாங்கள்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. பல பள்ளிகளில் முழு ஒத்திகையைப் பார்க்க வரலாமா என்று கேட்டால் மறுக்காமல் அனுமதிப்பதும் உண்டு. கூட்டமும் இருக்காது.

நடப்பதற்கோ உட்கார்வதற்கோ சிரமம் உள்ளவர்கள் அதை இப்போதே பள்ளிக்குத் தெரிவித்துவிடுங்கள். அன்றைக்கு வாசலில் நின்று சொன்னால், ஏற்கெனவே நாற்பது வேலைகளுடன் ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆசிரியைக்கு அது நாற்பத்தோராவது வேலையாகிவிடும்.

இரண்டாம் படி: ஒத்திகையில் மூக்கை நுழைக்காதீர்கள்

நான் செய்த தவறுகளிலேயே பெரியது இதுதான். பேரனுக்குப் பேச்சுப் பகுதி இருந்தது, மொத்தம் நான்கு வரிகள். அதில் ஒரு வார்த்தையைக் கொஞ்சம் இழுத்துச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது, சொல்லிக்கொடுத்தேன். மேடையில் அந்த வார்த்தை வந்ததும் அவன் நின்றுவிட்டான். ஆசிரியை சொன்னதைச் சொல்வதா, தாத்தா சொன்னதைச் சொல்வதா? எத்தனை விநாடி நின்றான் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு யுகம்.

ஆகவே வீட்டில் அவர்கள் ஆடிக்காட்டினால் பார்வையாளராக மட்டும் இருங்கள். கை தவறான பக்கம் போனாலும் வாயைத் திறக்க வேண்டாம். வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் முன்னால் எல்லாம் "எங்கே, ஆடிக்காட்டு" என்று நிறுத்தவும் வேண்டாம். "பயப்படாதே" என்ற சொல்லையும் தள்ளி வையுங்கள். அதுவரை பயப்படாமல் இருந்த குழந்தைக்கு, பயப்படுவதற்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று நாமே எடுத்துக்கொடுப்பதாகும். அதற்குப் பதிலாக என்ன நடக்கும் என்பதை வரிசையாகச் சொல்லுங்கள்: விளக்கு அணையும், திரை விலகும், பாட்டு வரும், முடிந்ததும் எல்லோரும் கை தட்டுவார்கள், சத்தம் பெரிதாக இருக்கும். கைதட்டலின் சத்தத்துக்கே மிரளும் குழந்தைகள் உண்டு.

குழந்தை பேசப்போகும் வரிகளையோ பாட்டையோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்வது சொல்லிக்கொடுப்பதற்காக இல்லை, நம் காதுக்காக. ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: இடமா வலமா என்பதைத் தீர்த்துக்கொள்ளுங்கள்

மேகத்தை நான் தவறவிட்டதற்குக் காரணம் இதுதான். "நான் இந்தக் கடைசியில் நிற்பேன்" என்று அவள் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். நான் அரங்கின் இடப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டேன். மேடையில் நின்று நம்மைப் பார்ப்பவருக்கு எது இடப்பக்கமோ, அதுதான் கீழே உட்கார்ந்திருப்பவருக்கு வலப்பக்கம். அவ்வளவு பெரிய மேடையின் மறுமுனையில் அவள். எங்கள் இருவருக்கும் நடுவில் பதினைந்து மேகங்கள், ஒரு சூரியன், என் பக்கத்து மூலையில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி.

நாடகத்துறையில் இடம் வலம் என்றால் பார்வையாளர்களை நோக்கி நிற்கும் நடிகரின் இடம் வலம்தான். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு எதிரே நின்று ஆடிக்காட்டும் ஆசிரியை தன் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கோ இடம் வலமே இன்னும் தெளிவாகப் பிடிபட்டிருக்காது. ஆக, கேள்வியை மாற்றுங்கள்.

நாங்கள் இப்போது பொத்தான்களை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். ஒரு தட்டைக் கவிழ்த்து மேடை என்று வைத்துக்கொள்வோம். பழைய டப்பாவிலிருந்து பத்துப் பன்னிரண்டு பொத்தான்கள். சிவப்புப் பொத்தான் அவள். "எந்தக் கதவு வழியாக வருவீர்கள்? உனக்கு முன்னால் யார்? பக்கத்தில் யார்? படி எந்தப் பக்கம்?" என்று கேட்டால் போதும், அவளே எல்லாரையும் நிறுத்திவிடுவாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் பெயர் உண்டு, சண்டை உண்டு, ஒன்றுக்கு இருமல் கூட உண்டு. பிறகு தட்டுக்கு எதிரே ஒரு வெள்ளைப் பொத்தானை வைத்து, "இதுதான் தாத்தா. எங்கே உட்காரட்டும்?" என்று கேளுங்கள். அவள் வைக்கும் இடம் தட்டின் மேலேயே, அவள் பக்கத்திலேயே இருக்கும். அங்கிருந்து மெதுவாகப் பேரம் பேசிக் கீழே இறங்க வேண்டும்.

அதோடு ஓர் அடையாளமும் பேசி வையுங்கள். காதைத் தொடுவது, மூக்கைத் தடவுவது, எதுவானாலும் சரி. கையை ஆட்டுவது மட்டும் வேண்டாம். நாம் ஆட்டினால் அவள் திருப்பி ஆட்டுவாள். நடனம் அங்கேயே நின்றுவிடும்.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மேடை விளக்குகள் முன்னாலிருந்து கண்ணில் அடிக்கும்போது, மேலே நிற்பவருக்கு முதல் இரண்டு மூன்று வரிசைகள் மங்கலாகத் தெரியும். அதற்குப் பின்னால் எல்லாம் இருட்டு. "உனக்கு என்னைத் தெரியாமல் போகலாம். ஆனால் அந்த மூலையில் நான் இருப்பேன், எனக்கு உன்னைத் தெரியும்" என்று சொல்லி வைத்தால், தேடித் தேடி அழுகிற நிலை வராது.

நான்காம் படி: கண், காது, கால்

வயது ஏற ஏறக் கண்மணி இருட்டில் முன்போல் விரிவதில்லை. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் முழுமையாகப் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் ஆகும். நமக்கு அதற்கும் கூடுதல் நேரம். விளக்கு அணைந்த பிறகு உள்ளே நுழைவது இளைஞர்களுக்கு வெறும் தர்மசங்கடம், நமக்கு இடுப்பெலும்பு. விளக்கு எரியும்போதே உட்கார்ந்துவிடுங்கள். படியிறங்கும்போது இருபார்வைக் கண்ணாடி போட்டவர்களுக்கு அதன் கீழ்ப்பகுதி வழியாகப் படி கலங்கித் தெரியும். தாடையை நன்றாகத் தாழ்த்தி மேல்பகுதி வழியாகப் பாருங்கள், கைப்பிடியை விடாதீர்கள். தூரப் பார்வைக் கண்ணாடியை மறந்து படிக்கும் கண்ணாடியோடு போனவர் ஒருவர் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. அவர் இன்றும் அந்த நடனத்தைப் புகழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்.

காது விஷயம் இன்னும் நுணுக்கமானது. முதுமையில் முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். ஸ, ஷ, ஃப போன்ற ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. குழந்தைகளின் குரலும் இயல்பாகவே உச்சத்தில் இருக்கிறது. அதனால்தான் "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறான் என்று புரியவில்லை" என்கிறோம். வரிகளை முன்பே இரண்டு முறை படித்து வைத்திருந்தால், காது விட்டதை மூளை இட்டு நிரப்பிக்கொள்ளும். நான்கு வரிதான். ஆனால் அந்த நான்கு வரியும் புரிந்தால் நிகழ்ச்சியே வேறு.

காதுக் கருவி அணிபவர்கள் பேட்டரியை முந்தின நாளே பாருங்கள். சின்ன வட்ட பேட்டரி என்றால் ஒரு சோடி உபரியாகப் பையில் இருக்கட்டும். அவை காற்றால் உயிர்பெறும் துத்தநாக பேட்டரிகள். மேலே ஒட்டிய தாளை உரித்து ஓரிரு நிமிடம் காற்றில் வைத்த பிறகு கருவிக்குள் போட வேண்டும். பேச்சுக்காக அமைத்த கருவி சில நேரம் இசையையே இரைச்சல் என்று எண்ணி அமுக்கிவிடும். இசைக்கென்று தனி அமைப்பு உங்கள் கருவியில் இருக்கிறதா என்று அதைப் பொருத்தியவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கருவியில் டெலிகாயில் (காந்த அலையைப் பிடிக்கும் சிறு கம்பிச் சுருள்) இருந்து, அரங்கில் லூப் வசதியும் (மைக்கின் ஒலியை அந்த அலையாக அனுப்பும் கம்பி வளையம்) இருந்தால், மைக்கில் வரும் குரல் நேராகக் காதுக்கே வந்துவிடும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே மட்டும் உட்காராதீர்கள்.

மருந்து வேளை நிகழ்ச்சி நேரத்தில் வருமானால் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு முன்பின் மாற்றுங்கள். சிறுநீர் அதிகம் போகச் செய்யும் மாத்திரையை "இன்றைக்கு மட்டும் வேண்டாம்" என்று தாமாகவே விழுங்காமல் விடுபவர்கள் நிறையப் பேர். அது தவறு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், நிகழ்ச்சி சொன்ன நேரத்தில் தொடங்காது என்றே வைத்துக்கொண்டு, சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட ஏதாவது இனிப்பைக் கையில் வைத்திருங்கள். நெடுநேரம் உட்காரும்போது அவ்வப்போது பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். எழுந்திருக்கும்போது விறுக்கென்று எழாதீர்கள். இருக்கையின் நுனியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் தலை சுற்றாது.

ஐந்தாம் படி: இடம் பிடிப்பது

முன்வரிசை மோகம் வேண்டாம். மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையிலிருந்து பின்னால் நிற்கும் பிள்ளைகளின் தலை மட்டும்தான் தெரியும். மூன்றாவது நான்காவது வரிசையில், இடைவழியை ஒட்டிய நாற்காலி உத்தமம். எழுந்து போக வசதி, முன்னால் உட்காரும் தலையைத் தவிர்க்கச் சாய்ந்துகொள்ளவும் வசதி. சிவப்புப் பொத்தான் நிற்கும் பக்கம் எது என்பது இப்போது தெரியும் அல்லவா, அந்தப் பக்கம் உட்காருங்கள்.

உடுத்துவதில் ஒரு சின்னத் தந்திரம்: வெளிர் நிறம், கோடும் பூவும் இல்லாதது. மங்கலான வெளிச்சத்தில் கண்ணுக்குத் தட்டுப்படும். முந்தின நாளே குழந்தையிடம் காட்டி, "இதைத்தான் போட்டுக்கொண்டு வருவேன்" என்று சொல்லுங்கள், பிறகு மாற்றாதீர்கள்.

பையையோ கைக்குட்டையையோ போட்டு ஆறு நாற்காலியைப் பிடித்து வைப்பது பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நானும் செய்திருக்கிறேன்.

ஆறாம் படி: போனை என்ன செய்வது

முதலில் ஒரு முடிவு: குடும்பத்தில் ஒருவர் மட்டும் படம் எடுக்கட்டும். அவர் நீங்களாக இல்லாமல் இருப்பது நல்லது. அமெரிக்காவின் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹென்கெல் 2014-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள், வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படமெடுத்த பொருட்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் ஜூம் செய்து எடுத்தபோது அந்த மறதி இல்லை. அருங்காட்சியகம் வேறு, பேரப்பிள்ளை வேறு என்பீர்கள். ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும் குழந்தைக்கு, போனைத் தூக்கிப் பிடித்த தாத்தாவுக்கு முகமே கிடையாது. ஒரு கறுப்புச் சதுரம்தான்.

எடுத்தே ஆக வேண்டும் என்றால் இவ்வளவையும் முந்தின நாளே செய்து பழகுங்கள். மெமரியில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முழு எச்டி தரத்தில் ஒரு நிமிட வீடியோ ஏறக்குறைய 60 முதல் 130 எம்பி பிடிக்கும். விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்து பதிவைக் குலைக்காது. போனைப் படுக்கை வாட்டில் பிடியுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், அதன் வெளிச்சம் சில அடிகளைத் தாண்டாது, முன்னால் இருப்பவரின் பின்னந்தலையைத்தான் பளிச்சென்று காட்டும், குழந்தைகளின் கண்ணையும் கூசவைக்கும். மேடை வெளிச்சத்தில் முகங்கள் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்தது போல் தெரிந்தால், திரையில் குழந்தையின் முகத்தின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டால் கை நடுங்குவது குறையும். தலைக்கு மேல் தூக்காதீர்கள். பின்னாலும் ஒரு பாட்டி இருக்கிறார்.

முதல் அரை நிமிடம் எடுங்கள். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டுப் பாருங்கள்.

ஏழாம் படி: அவள் மேடையில் இருக்கும்போது

திரை விலகியதும் பெரும்பாலான குழந்தைகள் செய்யும் முதல் வேலை, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கூட்டத்தைத் துழாவுவது. அந்த நேரத்தில் குனிந்து பைக்குள் கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். நிமிர்ந்து உட்காருங்கள், பேசி வைத்த அடையாளத்தைக் காட்டுங்கள். அவளுக்குத் தெரிந்ததா என்பது உடனே புரிந்துவிடும். தோள் கொஞ்சம் இறங்கும்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடவே கூடாது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கூடாது.

ஏதாவது தவறும். தலையில் கட்டியது அவிழும், பக்கத்துப் பிள்ளை இடித்துவிடும், எல்லாரும் சுற்றும்போது நம்முடையது மட்டும் நின்று உடையின் சரிகையைப் பிய்த்துக்கொண்டிருக்கும். சில குழந்தைகள் அசையாமல் நின்றுவிடுவார்கள். அந்த நேரம் குழந்தை நம் முகத்தைப் பார்க்கும். வாயைப் பொத்திக்கொள்வது, தலையில் கை வைப்பது, "கையைத் தூக்கு, கையைத் தூக்கு" என்று உதட்டை அசைப்பது எல்லாம் மேலிருந்து பார்த்தால் ஒரே செய்திதான்: ஏதோ பெரிய விபரீதம். முகத்தை அப்படியே வைத்திருங்கள். சரியாக ஆடியபோது எப்படிப் பார்த்தீர்களோ அப்படியே. இது லேசில் வராது, கண்ணாடி முன்னால் பழகிக்கொண்டாலும் தப்பில்லை.

சிரிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும். அரங்கமே சிரிக்கும்போது நாமும் சிரித்துவிடுகிறோம். அன்பான சிரிப்புக்கும் கேலிச் சிரிப்புக்கும் வித்தியாசம் ஐந்து வயதில் சட்டென்று புரியாது. அவள் சிரித்தால் நாமும் சிரிக்கலாம்.

அழுதுவிட்டால்? ஓடாதீர்கள். பக்கத் திரைக்குப் பின்னால் அதற்கென்றே ஓர் ஆசிரியை நிற்பார், அவர் பார்த்துக்கொள்வார். கூப்பிட்டால் போகலாம்.

நம் குழந்தையின் முறை முடிந்ததும் எழுந்து கிளம்பும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான். அதற்காகக் கடைசி நிகழ்ச்சியில் ஆடும் பிள்ளைகள் காலி நாற்காலிகளுக்கு ஆட வேண்டுமா? உடம்பு ஒத்துழைக்காவிட்டால் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவில் விளக்கு வரும்போது எழுந்து போங்கள்.

எட்டாம் படி: முடிந்த பிறகு முதல் ஐந்து நிமிடம்

சிறு பிள்ளைகளை, பெயர் கொடுத்திருப்பவரிடம் மட்டுமே ஒப்படைப்பது பல பள்ளிகளின் வழக்கம். "நான் தாத்தாதான், பார்த்தால் தெரியவில்லையா?" என்று அங்கே வாதாடாதீர்கள். பார்த்தால் தெரியாமல் இருப்பதுதான் குழந்தைக்குப் பாதுகாப்பு. நீங்கள் அழைத்துவரப் போகிறீர்கள் என்றால் பெயரை முன்பே கொடுக்கச் சொல்லுங்கள், அடையாள அட்டையை மறக்காதீர்கள்.

வெளியே வரும் குழந்தை பசியோடு இருக்கும், ஒப்பனை அரிக்கும், உடை குத்தும். படத்துக்கு நிற்கச் சொல்லுமுன் தண்ணீர் கொடுங்கள்.

பிறகு என்ன சொல்வது? "நீதான் எல்லாரையும்விட நன்றாக ஆடினாய்" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். பக்கத்துப் பிள்ளைக்கும் அதன் பாட்டி அதையே சொல்லிக்கொண்டிருப்பார். உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரை "நீ கெட்டிக்காரன்" என்றும் சிலரை "நன்றாக முயற்சி செய்தாய்" என்றும் பாராட்டினார்கள். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்கள், கடினமான புதிர்களில் சறுக்கியதும் சோர்ந்துபோனார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் விடாமல் போட்டுப் பார்த்தார்கள். நம் வேலைக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்றுதான்: கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். "தலையில் கட்டியது அவிழ்ந்தபோது நீ அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே சுற்றினாயே, பார்த்தேன்." இதில் "பார்த்தேன்" என்ற சொல்லுக்குத்தான் மதிப்பு. நீங்கள் வந்திருந்ததற்கு அதுதான் சாட்சி.

தவறைப் பற்றி அவளே பேசினால் பேசுங்கள். நாமாக எடுக்க வேண்டாம், சமாதானமும் சொல்ல வேண்டாம். அவள் அதை மறந்தே போயிருக்கலாம்.

போக முடியாவிட்டால்

தூரத்தில் இருக்கிறோம், உடம்பு சரியில்லை என்றால் நேரலை உண்டா என்று கேளுங்கள். வெளிநாடு என்றால் நேர வித்தியாசத்தை முந்தின நாளே கணக்குப் பார்த்து வையுங்கள். நேரலை இல்லாவிட்டால் பதிவு வந்ததும் பார்த்துவிட்டு, அன்றைக்கே கூப்பிட்டுப் பேசுங்கள். "நன்றாக இருந்தது" என்று முடித்துவிட்டால் பார்க்காதவர் சொல்வது போல் இருக்கும். மூன்றாவது மேகம் ஏன் திரும்பி நின்றது என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பதில் வரும்.

ஒன்பதாம் படி: படங்களைக் கையாள்வது

எடுத்த வீடியோவில் நம் குழந்தையோடு இன்னும் இருபது குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் யாரும் நம்மிடம் சம்மதம் சொல்லவில்லை. வீட்டாருக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொதுவில் போடுவதாக இருந்தால் நம் குழந்தை மட்டும் தெரியும்படி வெட்டி, அதற்கும் அதன் பெற்றோரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். பள்ளிப் பெயர் தெரியும் பதாகை பின்னணியில் இருந்தால் அதையும் வெட்டிவிடுங்கள்.

குழந்தையோடு உட்கார்ந்து ஒரு முறை பாருங்கள். தன்னைவிடப் பக்கத்தில் நிற்பவர்களைத்தான் அதிகம் காட்டும். இடித்துக்கொண்ட இடத்தை ஒன்பது முறை திரும்பப் போடச் சொல்லும். போடுங்கள். அவள் தூங்கிய பிறகு, தெளிவாக வந்தவற்றை வேறோர் இடத்தில் சேமித்துவிட்டு, கூரையும் சொந்தக் கட்டைவிரலும் மட்டும் பதிவாகியிருக்கும் பதினோரு வீடியோக்களை அழித்துவிடுங்கள். பேரனின் வகுப்புக்கு அடுத்த மாதம் நிகழ்ச்சி இருக்கிறது, போனில் இடம் வேண்டும்.